இடது பக்க லைட்

நந்தகுமாரின் பிக்கப் வண்டிக்கு இடது பக்க ஹெட்லைட் செத்துப்போயிருந்தது. வலது பக்கத்தது சாகவில்லை, ஆனால் சாகக் கிடந்தது. கார்த்திகை மாதத்து மூட்டத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து சேந்தமங்கலத்துக்கு இறங்கும்போது, எதிரே வந்த பஸ்காரர் ஒற்றை வெளிச்சத்தைப் பார்த்து மோட்டார் சைக்கிள் என்று நினைத்துவிட்டார். மோட்டார் சைக்கிளுக்கு விடுகிற இடத்தைத்தான் விட்டார். பிக்கப்பின் பக்கக் கண்ணாடி போனது. அதோடு விடாமல் பஸ்காரர் தலையை வெளியே நீட்டி, நந்தகுமாரின் அம்மாவைப் பற்றி அவனுக்கே தெரியாத சில செய்திகளையும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே கீழே ஒரு கடையில் புதுப் பல்புகள் வாங்கினான். மெக்கானிக்கிடம் போகவில்லை. பல்பு மாற்றப் போனால் அவர் பிரேக்கையும் பார்த்துத் தொலைப்பார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், செல்போனில் பார்த்த வீடியோ. அதில் ஒருவன் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, நடுவில் காபியும் குடித்துக்கொண்டே பல்பை மாற்றினான். பார்த்து முடித்ததும் நந்தகுமாருக்குத் தானே பாதி மெக்கானிக் ஆகிவிட்டதாகத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் சோறு தின்ற கையோடு வாசலில் வண்டியின் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையிலிருந்த ஸ்பேனரை உள்ளே போட்டிருந்த பட்டாபட்டி டிராயரின் பையில் செருகிக்கொண்டான். அவன் மனைவி விமலா பல்பு அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, கண்ணாடியில கை படக் கூடாதாமா. எண்ணெய்க் கை பட்டா சூட்டுல வெடிச்சுப் போயிருமாமா."

"பல்பு என்ன புதுப்பொண்ணா, தொடக் கூடாதுன்னு சொல்றதுக்கு?" என்றான். சொன்னாலும் துண்டு முனையால்தான் பிடித்தான்.

வலது பக்கம் சொன்ன பேச்சுக் கேட்டது. வயர் பிளக்கைப் பிடுங்கினான். ரப்பர் மூடியை உரித்தான். பல்பைப் பிடித்திருந்த கம்பிக் கிளிப்பை அழுத்தித் தள்ளினான். பழையது வெளியே வந்தது, புதியது உள்ளே போனது. போட்டுப் பார்த்தால் எதிர்ச் சுவரில் வெளிச்சம் பளீரென்று விழுந்தது. நந்தகுமார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். பார்ப்பதற்கு ஒரு கோழிதான் இருந்தது. பரவாயில்லை என்று அதையே பார்த்துச் சிரித்தான்.

இடது பக்கம் கதை வேறு. அங்கே லைட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல பேட்டரி உட்கார்ந்திருந்தது.

"பேட்டரியைக் கழட்டி வெச்சுப்போட்டு மாத்துங்க" என்றாள் விமலா.

"எதுக்கு? கை போகுது பாரு."

கை போனது. ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி மாட்டியிருந்த செப்புக் காப்பும் கூடவே போனது. பிளக், ரப்பர், கிளிப் எல்லாம் விரல் தடவலிலேயே முடிந்தது. பழைய பல்பு பிடுங்கிக்கொண்டு கீழே உருண்டது. கையை இழுத்தான். வரவில்லை. காப்பு எங்கேயோ ஒரு தகட்டின் பின்னால் போய்க் கொக்கி போட்டுக்கொண்டிருந்தது. திருப்பி இழுத்தான். இன்னும் நன்றாக மாட்டியது. வண்டியையே உலுக்கினான். லைட்டுக் கூடு 'கடக்' என்றது, கை அப்படியே இருந்தது.

விமலா முதலில் சிரித்தாள். பிறகு தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினாள். எண்ணெய் கையில் பாதியும் பேட்டரியில் பாதியும் போனது. மணிக்கட்டு வீங்கத் தொடங்கியதும் அவளுக்குச் சிரிப்பு நின்றது.

"ஸ்பேனர் எங்கீங்க? நானே பேட்டரியக் கழட்டறேன்."

"அங்கதான் எங்கியோ வெச்சேன்" என்றான். டிராயர் பையில் வைத்தது வலியில் மறந்துபோயிருந்தது.

அவள் தேடினாள், கிடைக்கவில்லை. "இருங்க, நர்சம்மாவைக் கூட்டியாறேன்" என்று ஓடினாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, தெருக்கோடியில் வாடகைக்கு இருந்த கிராம சுகாதார செவிலியர் ரோஸ்லினைத்தான் அப்படிச் சொன்னாள்.

நந்தகுமார் வண்டியின் மூஞ்சியில் வயிற்றைக் கொடுத்துக் கவிழ்ந்து நின்றான். அப்போதுதான் பஸ் ஸ்டாப் பக்கமிருந்து மஞ்சள் பையோடு ஓர் ஆள் நடந்து வந்தார். அவன் மச்சான் செல்லமுத்து, விமலாவின் அண்ணன்.

இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முந்தின வருசம் கெடாவெட்டில் செல்லமுத்து பரிமாறிக்கொண்டே வந்து நந்தகுமாரின் இலையில் எலும்பும் சாறுமாகப் போட்டார். பக்கத்து இலையில் கறி, அதற்கடுத்த இலையில் கறி. ஊட்டு மாப்பிள்ளைக்கு எலும்பா என்று நந்தகுமார் இலையை மடித்துவிட்டு எழுந்தவன்தான். அன்றிலிருந்து மச்சான் வாசலில் தெரிந்தால் இவன் கொல்லைப்புறமாக இறங்கி மிளகுக்கொடிக்குள் மறைந்துவிடுவான். இன்றைக்கு மறைய வேண்டுமானால் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

செல்லமுத்து பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். சுற்றி வந்து பார்த்தார்.

"மாப்ள, வண்டியக் கட்டிப்புடிச்சுட்டு இருக்கறீங்க?"

நந்தகுமார் ரேடியேட்டரைப் பார்த்து, "அவ ஊட்டுல இல்லீங்க" என்றான்.

"நான் உங்களப் பாக்கத்தான் வந்தேன். நீங்கதான் ஆளைக் கண்டா ஓடிருவீங்களே. இன்னைக்கு ஓடல. சந்தோசமுங்க."

"ஓட முடிஞ்சா ஓடியிருப்பனுங்க."

செல்லமுத்து குனிந்து பார்த்தார். விசயம் புரிந்தது. சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார், அதுவும் அடங்கவில்லை. ஒரு கல்லை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நிச்சயத்துக்குச் சொல்ல வந்தேன். பையனுக்குச் சின்னக்கண்ணு ஊட்டுப் பொண்ண முடிவு பண்ணியிருக்கு. மாமன்னு நீங்க நிக்காம எப்படித் தட்ட மாத்தறது?"

"எலும்பு திங்கற ஆளு எதுக்குங்க?"

"அட, அத இன்னும் விடலீங்களா? உங்களுக்குன்னு ஈரலத் தனியா எடுத்து வெச்சிருந்தனுங்க. மொதல்ல எலும்பப் போட்டுட்டு, கடைசியா ஈரலக் கொண்டாந்து நாலு பேரு பாக்கப் போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க எந்திரிச்சுட்டீங்க."

நந்தகுமார் ஒரு கணம் கையை மறந்தான். "நெசமாவா?"

"எங்கொழந்தை மேல சத்தியமா."

"அப்ப அந்த ஈரல யாரு தின்னா?"

செல்லமுத்து தரையைப் பார்த்தார். "நாந்தானுங்க. ஆறிப்போயிரும்ல."

நந்தகுமாருக்குத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் தனக்கென்று ஒரு ஈரல் இருந்தது, நான்கு பேர் பார்க்க இலைக்கு வருவதாக இருந்தது என்ற செய்தி நெஞ்சுக்குள் இதமாக இறங்கியது. அந்த இதத்தில் கொஞ்சம் தளர்ந்து நின்றான். தளர்ந்ததும் வலது தொடையில் ஏதோ இரும்பு குத்தியது.

"ஸ்பேனரு!" என்று கத்தினான். "மச்சான், டிராயர் பைக்குள்ள இருக்குதுங்க!"

பை வலது பக்கம். வலது கையோ உள்ளே. இடது கையால் எட்டிப் பார்த்தான். குறுக்கே வயிறு இருந்தது.

"நீங்கதான் எடுக்கணும்" என்றான் மெல்ல.

செல்லமுத்து தெருவை மேலும் கீழும் பார்த்தார். சம்பந்தம் பேசப்போகிற மனுசன் செய்கிற வேலையா என்று யோசித்தார் போல. பிறகு மஞ்சள் பையைக் கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் பின்னால் போய் நின்று, லுங்கியைத் தூக்கி, கையை உள்ளே விட்டார்.

"அங்க இல்லீங்க!"

"பை எங்கதான் இருக்குது?"

"இன்னும் கீழ. ஐயோ, அது பையில்லீங்க!"

இந்த நேரத்தில்தான் விமலாவும் ரோஸ்லினும் வந்து சேர்ந்தார்கள். விமலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அண்ணனும் புருசனும் ஒன்று சேர வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. ஆனால் சாமி இந்த அளவுக்கு இறங்கி வந்து செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை.

"யக்கா, அண்ணன் கை மாட்டிக்கிட்டுன்னுல்லா கூப்பிட்டீங்க?" என்றாள் ரோஸ்லின். "இங்க யார் கை எங்க மாட்டியிருக்குன்னு தெரியலையே."

ஸ்பேனர் வெளியே வந்தது. செல்லமுத்து அதை வெற்றிக்கொடி போல உயர்த்திக் காட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேட்டரிப் பட்டையைக் கழற்றப் போனார். பேட்டரி நகர்ந்ததும் உள்ளே இடம் கிடைத்தது. ரோஸ்லின் கர்ப்பிணிகளுக்கு வைத்திருந்த வழுவழுப்பான ஜெல்லைப் பிதுக்கி, மணிக்கட்டைச் சுற்றித் தடவினாள்.

"பயப்படாதீங்கண்ணே. பிள்ளைத் தலையே வெளிய வருது, உங்க கை வராதா? மூச்சை நல்லா இழுத்து விடுங்க. முக்காதீங்க. நான் சொல்லும்போது முக்குங்க."

அவள் சொன்னபோது நந்தகுமார் உண்மையிலேயே முக்கினான். காப்பு வளைந்து, தோலை உரித்துக்கொண்டு, கை சளக்கென்று வெளியே வந்தது. கறுப்பு மையும் ஜெல்லுமாக அதைப் பார்த்தபோது அது தன் கைதானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. ரோஸ்லின் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். துருப்பிடித்த தகடு கீறியிருக்கிறது என்று சொல்லி ஓர் ஊசியும் போட்டாள். அதற்குத்தான் அவன் அதிகமாகக் கத்தினான்.

அந்தச் சத்தத்திலேயே விமலா குனிந்து, துணியால் பிடித்துப் பல்பை உள்ளே வைத்து, கிளிப்பைப் பூட்டி, ரப்பரை மாட்டி, பிளக்கைச் செருகி, பேட்டரியையும் இருந்த இடத்துக்குத் தள்ளிப் பூட்டிவிட்டு நிமிர்ந்தாள். அந்த வீடியோக்காரனைப் போலக் காபி குடிக்காததுதான் பாக்கி.

செல்லமுத்து மஞ்சள் பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து, கட்டுப் போட்ட கையிலேயே வைத்தார். நந்தகுமார் வாங்கிக்கொண்டான். பேசி முடித்துக் காபி குடித்து எழுவதற்குள் சாயங்கால பஸ் போய்விட்டது, மூட்டமும் இறங்கிவிட்டது.

"நானே கொண்டாந்து உடறேன்" என்றான் நந்தகுமார். விமலாவும் ஏறி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு ஈரலை நம்பி அவர்களை ஒரே கேபினில் தனியாக அனுப்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ரோட்டுக்கு வந்தால், வலது வெளிச்சம் ரோட்டில் விழுந்தது. இடது வெளிச்சம் சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் விழுந்தது. கையை இழுத்தபோது உலுக்கிய உலுக்கில் லைட்டுக் கூடு மல்லாந்துவிட்டிருந்தது. எதிரே வந்த ஜீப்காரர் கண் கூசி வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, ஆகாசத்துல யாரையாவது தேடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நந்தகுமார் வண்டியை ஓரங்கட்டினான். கூட்டின் மேலேயே திருப்புகிற திருகாணி இருந்தது. அதற்குக் கையை எங்கேயும் விட வேண்டியதில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கி, பானெட்டைத் தூக்கிக்கொண்டு, "மச்சான், நீங்க கொஞ்சம் முன்னால போய் நின்னு சொல்லுங்க, எங்க விழுதுன்னு" என்றான்.

செல்லமுத்து மூட்டத்துக்குள் நடந்து போய்த் திரும்பி நின்றார். வெளிச்சம் அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"கீழ எறக்குங்க."

இவன் திருகினான்.

"நெத்திக்கு வந்துருச்சு. இன்னும் எறக்குங்க... மீசை... நெஞ்சு..."

"போதுமுங்களா?"

"பல்பு புதுசுங்க மாப்ள, கண்ணே தெரியல. இன்னும் கொஞ்சம். தொப்புளு. ஆங், முட்டி. அங்கியே நிறுத்துங்க!"

நந்தகுமார் நிறுத்தினான். விமலா உள்ளிருந்து ஆரனை அழுத்தி, "சீக்கிரம் ஏறுங்க ரெண்டு பேரும், குளுருது" என்றாள்.