ஜெல் உறையவில்லை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஹார்பினில் என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் அக்காளும் தம்பியும், நான் சாப்பிடப் போனபோது சொல்லிச் சிரித்தார்கள். கொழுக்கட்டையோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் வரி: ‘வெண்பனி போர்த்திய அந்த நகரத்தில்—’

வேண்டாம். இங்கே பனியை யாரும் பார்ப்பதில்லை. வழுக்கி விழுந்தால் திட்டுவதோடு சரி.

2

அக்காள் சியூவென், ஆய்வுக்கூடத்தில் வேலை. கடுங்குளிரிலும் உறையாத, மின்சாரம் கடத்தும் ஜெல் செய்கிறாள். விரலில் பட்டையாக ஒட்டினால், விரல் மடங்கும்போதெல்லாம் கைபேசித் திரையில் கோடு எழும்பும்.*

தம்பி பனிச்சிற்பி. பெயர் தோங் கை. விரலைப் பற்றிய கதையில் ஒருவன் பெயர் கை என்றால் எவன் நம்புவான்? ஆகவே தோங் என்றே எழுதுகிறேன்.

(* உப்பும் கிளிசரினும் தண்ணீரை எப்படி உறையவிடாமல் தடுக்கின்றன என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சியூவெனிடம் வாசித்துக் காட்டினேன். “எல்லாமே தப்பு” என்றாள்.)

3

திருவிழாவுக்குப் பனியில் டிராகன் செதுக்கிக்கொண்டிருந்த தோங்கின் விரலில் பட்டையை ஒட்டினாள்.

“என்னக்கா இது, பன்றித்தோல் ஜெல்லியா? தொட்டுக்கப் பூண்டு எங்க?”

“வாய மூடிட்டு கையுறையப் போடு.”

“கையுறையோட மீசை செதுக்க முடியுமா? நீ உள்ள போ.”

கணப்பறைக்குள் போய்த் திரையைப் பார்த்தாள். கோடு துள்ளியது, தளர்ந்தது, பிறகு அப்படியே படுத்துவிட்டது. ஜெல் உறைந்துவிட்டது. வருடக்கணக்கான உழைப்பு! (இங்கே அவள் கண்ணீரை வர்ணித்திருந்தேன். “நான் எங்க அழுதேன்? கெட்ட வார்த்தைல திட்டினேன்” என்றாள்.)

4

வெளியே வந்தாள்.

“சனியன் உறைஞ்சுபோச்சு. கழட்டிக் குடு.”

“நீயே கழட்டிக்க. இந்த விரல் மடங்க மாட்டேங்குது.”

தொட்டாள். ஜெல் மெத்தென்றிருந்தது. விரலைப் பிடித்து மடக்கினாள், கையிலிருந்த கைபேசியில் கோடு துள்ளியது. விரல்தான் மெழுகுபோல் வெளுத்துக் கிடந்தது.

“வலிக்குதாடா?”

“இல்லையே.”

அந்த ‘இல்லையே’ அவளுக்குப் போதும். மேலங்கியைத் திறந்து அவன் கையைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு, கூட இருந்தவர்கள் விசிலடிக்க, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

5

விரலை வெட்டி எடுப்பதாக முடித்தால் இலக்கியத்தரம் கூடும் என்று நினைத்தேன். தோங் அதே விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டினான்: “இலக்கியத்துக்கு உங்க விரல வெட்டிக்கங்க, அண்ணே.” நுனியில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை.

ஒரு சிக்கல் பாக்கி. கோடு படுத்ததற்கும் அவள் வெளியே வந்ததற்கும் நடுவில், சியூவென் ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றி, நிதானமாகக் குடித்து, ஜெல்லுக்காகத் துக்கம் கொண்டாடினாள். தம்பி இல்லாத நேரத்தில் என்னிடம் சொன்னது இது. அவனுக்குத் தெரியாது.

இப்போது தோங் முழுக் கதையையும் வாசித்துச் சொல்லச் சொல்கிறான். அக்காளும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மேலே உள்ள பத்தி வரும்போது நான் வாசிக்கவா, தாண்டவா?

எழுதிய எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் படித்துவிட்டீர்களே, சொல்லுங்கள்.