ஓர் அங்குலப் பனி

காஸிமிர் டுடெக் இறந்த மறுவாரத்திலிருந்து அவர் வீட்டு வண்டிப்பாதையில் மட்டும் தினமும் பனி பெய்தது. அறுபதடி நீளம், பதினாறடி அகலம். விளிம்பில் நூல் பிடித்தாற்போல நின்றுவிடும். பக்கத்துப் புல்லில் ஒரு துகள் விழாது. இது ஜனவரியில் தொடங்கியது. ஊர் கவனித்தது மே மாதத்தில். அதற்காக எங்களைக் குறை சொல்லக்கூடாது. அமெரிக்காவின் பஃபலோ நகருக்குத் தெற்கே, ஏரிக்காற்று வந்து முட்டும் இடத்தில் இருப்பவர்கள் நாங்கள். ஒரு தெருவில் கூரைவரை பனி கிடக்கும், அடுத்த தெருவில் துணி காயும். அதையெல்லாம் அதிசயம் என்று எழுதி வைத்தால் நோட்டுப் புத்தகம்தான் தீரும்.

நாங்கள் காஸ் என்று கூப்பிடும் அவர் இறந்ததும் அதே பாதையில்தான். எங்கள் ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்றை அவர் செய்தார்: நகராட்சிப் பனிவண்டி வருவதற்கு முன்பே பாதை தெருவைத் தொடும் வாயைச் சுத்தமாக வாரி வைத்தார். வண்டி வந்து, தெருப்பனியை எல்லாம் ஒதுக்கி, நெஞ்சு உயரத்துக்கு ஒரு வரப்பைப் போட்டுவிட்டுப் போனது. ஈரமும் உப்பும் சேர்ந்து கல்லாகிப்போன வரப்பு. வீட்டுக்குள் வந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் மறுபடியும் பனிவாரியை எடுத்தார். பதினோரு வருடங்களாகப் பனி ஊதும் இயந்திரம் வாங்கப் போவதாகச் சொல்லி, ஒவ்வோர் அக்டோபரும் கடைக்குப் போய், வெறுங்கையோடு திரும்பிவந்த மனிதர். அடுப்பில் முட்டைக்கோஸ் வதக்கிக்கொண்டிருந்த மனைவி லாட்டி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்கத் துப்பில்ல. போங்க, போய்ப் பனியை வாருங்க. அதுக்காவது லாயக்கா இருங்க."

நாற்பத்திரண்டு வருடக் கல்யாணத்தில் இதைவிட மோசமாகப் பல தடவை பேசியிருக்கிறாள். அவற்றுக்கெல்லாம் மறுநாள் என்று ஒன்று இருந்தது.

பனியைவிட முக்கியமான விஷயம், பனிமேல் இருந்த தடங்கள். காலையில் திரைச்சீலையை விலக்கினால், கார் நிறுத்தும் கொட்டகை வாசலிலிருந்து புறப்பட்ட பூட்ஸ் தடம் பாதையின் வாய்வரை போயிருக்கும். இடது குதிகால் தேய்ந்த பூட்ஸ். லாட்டிக்கு அதை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. வரப்பு இருந்த இடத்தில் ஓர் ஆள் விழுந்த பள்ளம். திரும்பி வரும் தடம் கிடையாது.

ஜூன் மாதம் பக்கத்து வீட்டு சால் பெல்லானோ, அரைக்கால் சட்டையும் பனிப் பூட்ஸுமாக, தன் சின்ன இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன லாட்டி, ஏரி உங்க வீட்டுக்கு மட்டும் தனிக் குழாய் போட்டிருக்கு போல!"

"குழாய்க்காரன் உங்க சொந்தக்காரன்னு கேள்விப்பட்டேன். கொஞ்சம் மூடச் சொல்லுங்க, சால்."

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் தொடங்கிவிட்டார். ரப்பர்த் துடுப்பு வைத்த இயந்திரம் அது. தரையோடு தரையாக வழித்து, கான்கிரீட்டைத் துடைத்த தட்டாக்கிவிட்டது. அடுத்த மூன்று நாட்கள் பனி பெய்தது, தடம் வரவில்லை. லாட்டி மூன்று நாளும் சன்னலடியிலேயே உட்கார்ந்து காப்பியை ஆறவைத்தாள். நாலாம் நாள், பனி ஓர் அங்குலம் கெட்டிப்பட்ட பிறகு, தடம் வந்தது. அன்றே சால் வீட்டுக்குப் போய், ஒரு தட்டு பியரோகிக் கொழுக்கட்டை கொடுத்து, இனி இயந்திரத்தோடு அந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சால் பியரோகியை வாங்கிக்கொண்டார். காரணம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் நல்ல மனிதர் என்பதற்கு இதுதான் அளவு.

ஆனால் பனியை அப்படியே விடவும் முடியவில்லை. அதுவரை வந்த பனி பாதி கரைந்துபோகும்; சால் வழித்த பிறகு பெய்தது கரையாமல் ஏறியது. ஜூலையில் தடம் முழங்காலளவு இறங்கியது. ஆகஸ்டில் இடுப்பளவு. செப்டம்பரில் அதைத் தடம் என்று சொல்ல முடியாது. ஒரு மனிதன் பனிக்குள் நீந்திப்போன கால்வாய். நடுநடுவே மூச்சு வாங்க நின்ற இடங்கள் அகலமாகத் தெரிந்தன. முழுக்க வழித்தால் அவர் வரமாட்டார். வழிக்காவிட்டால் தினமும் அந்தப் பாடு பட்டு, தினமும் வாயில் போய் விழுவார். வாரியைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை, சாலின் புல்வெளி வழியாக நடந்து, லாட்டி கடைக்குப் போனாள்.

கடைக்காரி மார்லீன் முப்பது வருடங்களாக இந்த ஊருக்கு இயந்திரம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவள். பாதையின் நீளம் கேட்டாள், அகலம் கேட்டாள்.

"வாயில வரப்பு எவ்வளவு உயரம் வரும்?"

"அவர் நெஞ்சு உயரம்."

மார்லீன் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க காஸ் வீட்டம்மாவா? அடக் கடவுளே. வருஷா வருஷம் வருவாருங்க. எந்த மெஷினைக் காட்டினாலும் இடது கையால கிளப்புற கயித்தை இழுத்துப் பார்த்துட்டு, ஆகாதுன்னுடுவாரு. ஒருநாள் கேட்டே விட்டேன், 'நீங்க இடது கைக்காரரா'ன்னு. 'இல்லம்மா, லாட்டியோட வலது தோள் போயிடுச்சு. நான் முந்திப் போயிட்டா அவதானே இழுக்கணும்'னாரு."

லாட்டி தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். கடையில் வேறொருவர் போல்ட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தார், அவர் நிறுத்திவிட்டார்.

"இதை ஏன் இவ்வளவு நாளா எனக்குச் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேங்க. பதினோரு வருஷமா ஊருக்கே தெரியுமே."

இது உண்மை. எங்களுக்குத் தெரியும். அவளிடம் சொல்லும் வேலை வேறு யாருடையதோ என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

லாட்டி வரிசையாக நின்ற இயந்திரங்களின் கயிறுகளை இடது கையால் இழுத்துப் பார்த்தாள். இருபத்தெட்டு அங்குல வாய் கொண்டது அசையவில்லை. இருபத்திநாலு எழுந்தது, ஆனால் வரப்பைக் கண்டால் படுத்துவிடும் என்றாள் மார்லீன். அந்த வருடம் புதிதாக வந்த இருபத்தாறு, பாதிக் கயிற்றிலேயே இருமிக்கொண்டு உயிர் பெற்றது. காஸ் பார்க்காத ஒன்று. லாட்டி அதன் கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பிடித்தபடி நின்றாள்.

"இதோட செருப்பை எவ்வளவு உயரத்துல வைக்கட்டும்?" என்றாள் மார்லீன். இயந்திரத்தின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரும்புச் செருப்பு உண்டு. அதை இறக்கி முடுக்கினால் வாய் தரையை விட்டு உயரும்.

"ஓர் அங்குலம்."

"சரளைக்கல் தரைக்குத்தாங்க அவ்வளவு. உங்களுது கான்கிரீட். ஓர் அங்குலப் பனி தங்கிடுமே!"

"தங்கட்டும்."

மறுநாள் காலை, அக்டோபர்தான் என்றாலும் பழக்கத்தில் பனிவண்டி போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டு, லாட்டி இயந்திரத்தைக் கிளப்பினாள். நாலு மாதப் பனியை அடுக்கடுக்காக வாரி வீச மதியம் மூன்று மணி ஆனது. சால் வேலியோரம் நின்று, யாரும் கேட்காமலே, "கொஞ்சம் இடது பக்கம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவளுக்குக் கேட்கவில்லை. பாதையின் வாய்க்கு வந்ததும் அந்தப் பள்ளத்தின் மேல் நின்றாள். "நீங்க லாயக்குதான்" என்றாள். இயந்திரச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தாள். சாலுக்குக் கேட்டது. அவர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் ஓர் அங்குலப் பனிமேல், கொட்டகையிலிருந்து தடம் புறப்பட்டிருந்தது. அவசரமில்லாத தடம். வாய்வரை போய், விழாமல், அங்கே கொஞ்சம் நின்று, அவள் இயந்திரம் போன கோட்டை ஓரமாகச் சுற்றிப் பார்த்திருந்தது. ஒரு மூலையில் அவள் விட்டுவைத்த பனித் திட்டைப் பூட்ஸ் முனையால் தட்டியும் இருந்தது. குறை கண்டுபிடிக்காமல் அவரால் இருக்க முடியாது. பிறகு கொட்டகைக்குத் திரும்பி வந்திருந்தது.

இதெல்லாம் நடந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. டுடெக் வீட்டுப் பாதையில் இப்போதும் தினமும் பனி பெய்கிறது. தபால்காரர் தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடப்பார். பனிவண்டி ஓட்டுநர் அந்த வாயருகே மட்டும் பனி ஒதுக்கும் தகட்டைத் தூக்கிக்கொள்வார். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். மார்லீன் கடையில் யாராவது செருப்பை ஓர் அங்குலம் உயர்த்தச் சொன்னால், தரை என்ன தரை என்று அவள் கேட்பதில்லை. லாட்டி காலை எட்டு மணிக்குக் கொட்டகையைத் திறந்து, உள்வாசலில் பூட்ஸ் துடைத்து நனைந்து கிடக்கும் கால்மிதியை எடுத்து உதறி, வேலியில் காயப்போடுகிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் வெயில்தான்.