வேலிக்கு மேலே கழுநீர்

பர்மாவில் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை வீட்டு வரிசையில் யார் வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்டால் போதும் என்பார்கள். பொய்யில்லை. அவர் ரயில்வே ஷெட்டுக்குப் போனபின் எனக்கு வேறென்ன வேலை? ஆனால் ஒரு சங்கதியை மட்டும் ஒரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தங்கவேலு ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரன். பெண்டாட்டி மா செய்ன் பர்மாக்காரி. ஊரில் தமிழ்ப் பெண்ணா கிடைக்கவில்லை என்று நாங்கள் பேசாத பேச்சில்லை. அவளோ ஒன்றும் காதில் விழாதவள்போல் என்னை "அமா" என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அக்கா. மீன் வறுத்தால் வேலிக்கு மேலே நீட்டுவாள். அதை வாங்கித் தின்றுவிட்டுத்தான் பேசுவோம்.

அவர்கள் வாசலில் ஒரு மல்லிகைச் செடி. தை பாதியில் தங்கவேலு அதை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து வெட்டி, மிச்ச இலையையும் உருவி, வேரைச் சுற்றி மண்ணைக் கொத்திவிடுவான். பங்குனியில் இலை தெரியாமல் பூக்கும். முதல் பூ மா செய்ன் கொண்டைக்கு. அந்தக் கொண்டைக்காகத்தான் இத்தனை வெட்டும் கொத்தும் என்று கேலி செய்வோம்.

போன வருஷம் வெட்டும்போதே இருமினான். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மா செய்ன் விடிந்தால் அங்கே போய்விடுவாள். செடி மொட்டையாக, மண் வெடித்து நின்றது. புருஷன் படுத்திருக்கும்போது அவளுக்குச் செடி நினைப்பு எங்கே இருக்கும், இருந்தாலும் பர்மாக்காரிக்கு மல்லிகை வளர்க்கத் தெரியுமா என்று, தினம் காலையில் அரிசி களைந்த கழுநீரை வேலிக்கு மேலே ஊற்றினேன். அவளிடம் சொல்லவில்லை. செய்த உபகாரத்தைச் சொல்லிக் காட்டக் கூடாதென்ற பெருந்தன்மை.

பன்னிரண்டாம் நாள் செடி தளதளவென்று துளிர்த்தது. அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை எதிர்வீட்டு ரத்தினம்மாள் வந்து சொன்னாள். அவள் தம்பி தங்கவேலுவுக்கு அடுத்த கட்டிலில் கிடந்தான். வெட்டிய மல்லிகையை இருபது நாள் பட்டினி போட வேண்டுமாம். நடுவில் தண்ணீர் குடித்தால் தழையாகவே போய்விடுமாம். ஒரு சொட்டு ஊற்றாதே, பங்குனியில் பூவைப் பார்க்க வந்துவிடுவேன் என்று தங்கவேலு மா செய்னிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தானாம். துளிர்த்ததென்று அவள் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டதாம்.

"தண்ணி ஊத்தினியா?"

"இல்ல."

"ஊத்தாம எப்படித் துளிர்க்கும்? எங்கிட்டயே பொய் சொல்றியே, செய்ன்."

அவள் புத்தர் கோயில் மேல் சத்தியம் செய்தாளாம். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம்.

இதைக் கேட்டபோது என் கையில் கழுநீர்ச் சட்டி இருந்தது.

அதன்பின் அவள் ஊட்டிய கஞ்சியைக் குடித்தான், பேசவில்லை என்றாள் ரத்தினம்மாள். ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொல்லிவிடுவதென்று இருந்தேன். சனிக்கிழமை அவன் போய்விட்டான்.

பங்குனியில் செடி முழுக்கத் தழை. பேருக்கு ஒரு மொட்டு இல்லை. மா செய்ன் அதன் பக்கத்தில் குந்தியிருந்தவள், என்னைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"அமா, நான் ஊத்தல. இந்தத் தெருவுல எல்லாம் உங்களுக்குத் தெரியும். யாரு ஊத்தினா?"

"பனியா இருக்கும்," என்றேன்.

தலையாட்டினாள்.

இந்தத் தையில் அவளே அவன் கத்தரியை எடுத்து வெட்டினாள். கோணல்மாணலான வெட்டு. இருபது நாள் பட்டினி போட்டாள். நான் கழுநீரைச் சாக்கடை வரை சுமந்துபோய்க் கொட்டினேன். விடியற்காலையில் தகரக் கூரை சொட்டச் சொட்டப் பனி. ஒரு துளிரும் எட்டிப் பார்க்கவில்லை. இருபத்தோராம் நாள் எருப் போட்டுத் தண்ணீர் விட்டாள்.

நேற்றுப் பூத்தது. இலை தெரியாமல்.

ஒரு முழம் கட்டி, வாழையிலைக் கிழிசலில் வைத்து வேலிக்கு மேலே நீட்டினாள். அவள் கொண்டையில் ஒன்றும் இல்லை. அவர்களில் புருஷன் செத்தவள் பூ வைத்தாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை.

"இந்த வருஷமும் பனி பெஞ்சுது, அமா," என்றாள்.

எப்போதும் மீனை வாங்குகிற மாதிரியே கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.