மல்கிரேவ் வரை வந்த வெடிப்பு

மல்கிரேவ் அலுவலகத்தின் வரவேற்பறைக் கண்ணாடிக் கதவின் அடியில் தரை வெடிப்பு நுழைந்தபோது மணி ஒன்பது பன்னிரண்டு. அதற்கு நாலடி முன்னால் தாரிணி குனிந்தபடி, கம்ப்யூட்டர் ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டே பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தாள். வெடிப்பு அவசரப்படவில்லை. தரைவிரிப்பைத் துணிக்கடைக்காரர் துணி கிழிப்பது போல நேராகக் கிழித்துக்கொண்டு வந்தது. ஜெராக்ஸ் மிஷின் அருகில் கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கியதுபோல் தூசியை ஊதிவிட்டு, மறுபடி கிளம்பியது. பதினொரு மணிக்குள் தாரிணி ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும். அந்த அறிக்கை இருந்த கம்ப்யூட்டரைத்தான் அவள் இப்போது குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

வெடிப்பு புறப்பட்டது வெஸ்ட் மெல்பர்னில், மார்ச் மாதம் முதல் சனிக்கிழமை மாலை. பழைய கம்பளிக் கிடங்கு ஒன்றின் வடக்குச் சுவர் அன்று பகலில் இடிந்து விழுந்திருந்தது. மிச்சம் நின்ற சுவரிலிருந்து விரல் அகலத்துக்கு இறங்கிய வெடிப்பு, நடைபாதையைக் கடந்து, யாரா நதிக்கு அடியில் புகுந்து, மறுகரையில் ஏறி, மோனாஷ் நெடுஞ்சாலையின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. நாளொன்றுக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சாலைத் துறையினர் அதன் இருபுறமும் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்தார்கள். காலை ரேடியோவில் லாரி கவிழ்ந்த செய்திக்கும் மழைச் செய்திக்கும் நடுவே, வெடிப்பு இன்றைக்குச் சாட்ஸ்டன் தாண்டிவிட்டது, எண்பதுக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று சொன்னார்கள். மல்கிரேவ் தமிழ்க் குடும்பங்கள் சில காரில் த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தன. வெடிப்பு அதற்கு மரியாதையாக ஒரு மணி நேரம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

அந்தச் சுவர் விழுந்ததில் கபிலன் இறந்துபோனான். வயது முப்பத்தொன்பது. 2012இல் இலங்கையிலிருந்து படகில் வந்தவன். பதிமூன்று ஆண்டுகளாகத் தற்காலிக விசாவிலேயே இருந்தவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும். கிடங்கை ஒட்டிய காலி மனையில் நாற்பது மாடிக் குடியிருப்புக்காகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கார் நிறுத்தத்துக்கான குழி. குழிக்குள் இறங்கி அளவு பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். மேலே நூற்றைம்பது ஆண்டு நின்ற நீலக் கருங்கல் சுவருக்கு ஒரு முட்டுக்கூடக் கொடுத்திருக்கவில்லை.

அந்தக் கட்டுமானத்துக்குப் பொறியாளர்கள் தாரிணி வேலை பார்த்த மல்கிரேவ் கம்பெனிக்காரர்கள்தான். ஆகவே சுவர் ஏன் விழுந்தது என்று விசாரணை அதிகாரிக்கு விளக்கம் எழுதித் தரும் பொறுப்பும் அவர்களுக்கே வந்தது. உலகம் இப்படித்தான் நடக்கிறது. டைரக்டர் சடகோபன் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்திலிருந்து வந்து, மூன்று வீடும் குடியுரிமையும் வாங்கியவர். அறிக்கையை அவரே எழுதிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவரைக் கட்டியவர் அஸ்திவாரத்தை ஆழம் போதாமல் போட்டுவிட்டார். பக்கத்துக் குழி ஆறே அடி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாலு பக்கம், இரண்டு வரைபடம், ஒரு கையெழுத்துக்கு இடம்.

"நீதான்மா ப்ராஜெக்ட் இன்ஜினியர். உன் கையெழுத்துதான் செல்லும்" என்றார் திங்கட்கிழமை.

"சார், ஆறு அடின்னு போட்டிருக்கீங்க."

"டிராயிங்ல ஆறு அடிதானே? டிராயிங்கைத்தானே நாம நம்பணும்?"

"செத்தவர் மேல பழி போடறோம் சார்."

"உயிரோட இருக்கறவன் மேல போட்டா கேஸ் போடுவான். இவன் செத்து நூத்தம்பது வருஷம் ஆச்சு. எழுந்து வந்தா கேக்கப் போறான்?" சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இங்க நிரந்தரமா தங்க நீ போட்ட பி.ஆர். பேப்பர் இமிகிரேஷன்ல உக்காந்திருக்கு. ஸ்பான்சர் பண்றது இந்தக் கம்பெனி. நான் லெட்டரை வாபஸ் வாங்கினா, நாட்டை விட்டுப் போக உனக்கு நூத்தியெண்பது நாள். அவ்வளவுதான் சொல்வேன். மிரட்டறேன்னு நினைச்சுக்காதே."

ஈரோட்டில் படித்து, சென்னையில் வேலை பார்த்து, ஆறு ஆண்டாக இந்த ஊரில் விசா எண்ணை மந்திரம் போல் மனப்பாடம் செய்து வைத்திருப்பவள் தாரிணி. கணவன் ஸ்ரீகாந்தின் விசாவும் அவள் விசாவின் வாலில் கட்டியிருந்தது. அன்று வீட்டுக்குப் போனவள் குக்கரைத் தரையில் போட்டு உடைத்தாள். கை நழுவி அல்ல, வேண்டுமென்றேதான்.

எழுந்து வரமாட்டான் என்று சடகோபன் கணக்குப் போட்ட அந்த ஆளின் பெயர் எப்ரயிம் கோல்பி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கப்பல் கட்டுகிறவரின் மகனாக 1819இல் பிறந்தார். இருபது வயதுவரை கப்பலைத் தவிர எதையும் கட்டியதில்லை. அதனால் அவர் கட்டிய கூரைகளெல்லாம் கவிழ்த்துப் போட்ட கப்பல் போலவே இருந்தன. பாஸ்டனில் இரண்டு தானியக் கிடங்கு, ஒரு நீதிமன்றம். தங்கம் கிடைக்கிறது என்று உலகமே மெல்பர்னுக்கு ஓடிவந்த 1853இல் அவரும் வந்தார். தங்கத்தைத் தேடாமல், தங்கம் கிடைத்தவர்களைத் தேடினார். பதினான்கு கட்டடங்கள். அஸ்திவாரக் குழியில் இறங்கி, மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை அடி தோண்ட வேண்டும் என்று சொல்வார். ஒருநாளும் தவறியதில்லை. 1871இல் அவற்றில் ஒன்றான கம்பளிக் கிடங்கின் பக்கத்து மனைக்காரன், சாராயப் பீப்பாய் அடுக்குவதற்காக யாரையும் கேட்காமல் நிலவறை தோண்டினான். சுவர் விழுந்தது, ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். பக்கத்து மனைக்காரன் நகர சபை உறுப்பினன். ஆகவே அஸ்திவாரம் ஆழம் போதாது என்று விசாரணைக் குழு எழுதியது. கட்டடத்தில் செதுக்கியிருந்த கோல்பியின் பெயரை உளியால் கொத்தி எடுத்தார்கள். கோல்பி சொந்தச் செலவில், சொந்தக் கையால், அதே இடத்தில் சுவரை இன்னும் ஆழமாக எழுப்பிவிட்டு, காலிங்வுட்டில் ஒரு வாடகை அறையில் மூன்று ஆண்டு கோபத்தோடு உட்கார்ந்திருந்து செத்தார். அவர் கோபத்தில் அந்த அறை மழைக்காலத்திலும் வெதுவெதுப்பாக இருந்ததால், வீட்டுக்காரி அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு ஷில்லிங் கூட்டி வாடகைக்கு விட்டாள்.

ஒருமுறை பொறுத்துக்கொண்டார். அதே சுவர், அதே பழி, இரண்டாவது முறை என்றதும் எழுந்து வந்துவிட்டார்.

வெடிப்புக்குப் பின்னால், நாயை நடைக்கு அழைத்துவருகிறவர் போல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். சேறு படிந்த பூட்ஸ், பொத்தான் போன கறுப்புக் கோட்டு. வரவேற்பில் இருந்த ஹரிப்பிரியா விதிமுறைக்காரி. யாராயிருந்தாலும் டாப்லெட்டில் பெயர் பதிந்தே ஆகவேண்டும் என்றாள். அவர் மறுக்கவில்லை. பெயர்: எப்ரயிம் கோல்பி. கம்பெனி: இல்லை. வந்த நோக்கம் என்ற கட்டத்தில் 'கோபம்' என்று ஒரு விரலால் நிதானமாகத் தட்டினார். டாப்லெட் ஏற்றுக்கொண்டு விருந்தாளி அட்டையை அச்சடித்தது. அவர் நின்ற இடத்தில் தரைவிரிப்பு சுருண்டது. பக்கத்திலிருந்த குடிதண்ணீர் இயந்திரம் கொதித்தது. மைக்ரோவேவ் வரிசையில் நிற்கச் சோம்பல்பட்ட கிரண், காலை உப்புமா டப்பாவை அவர் காலடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போனான்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண். கறுப்புச் சட்டை, கையில் கார் சாவி. பன்னிரண்டு நாளும் வெடிப்பின் பின்னாலேயே பழைய கொரோலாவை ஊர்ந்து ஓட்டிவந்தவள்.

"இது உங்கட ஒஃபீசுக்குத்தான் வந்திருக்கு" என்றாள். "நான் கபிலன்ர மனிசி. நிவேதிகா."

தாரிணி ஒரு நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்க ப்ளீஸ். தண்ணி..."

"கதிரையும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். அந்த ரிப்போட் எழுதிற மேசை எது?"

சடகோபன் அறையிலிருந்து வேகமாக வந்தார். வந்தவர் வெடிப்பைப் பார்த்தார், கோல்பியைப் பார்த்தார், நிவேதிகாவைப் பார்த்தார். மூவரில் சமாளிக்க எளிது என்று தோன்றியவளிடம் போனார். "அம்மா, உங்க இழப்பு ரொம்பப் பெரிசு. ஆனா அது பழைய சுவர். அந்தக் காலத்து ஆளுங்க சரியா..."

"பழைய சுவர் நூற்றைம்பது வருசம் நிண்டது" என்றாள் நிவேதிகா. "நீங்கள் மூண்டு கிழமை, இருபத்தொரு நாள் தோண்டினனீங்கள். அதோட விழுந்திட்டுது. கணக்கு எனக்கும் தெரியும் அங்கிள். நான் யாழ்ப்பாணத்தில மற்ஸ் ரீச்சரா இருந்தனான்."

"விசாரணை நடக்குது, அதுல..."

"பதிமூண்டு வருசம் அவரைத் தற்காலிகம், தற்காலிகம் எண்டு எழுதிச்சினம். செத்ததாவது நிரந்தரமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ! எனக்கு ஒருத்தற்ர காசும் வேண்டாம். ஆர் செய்ததெண்டு ஒரு பேப்பரில எழுதித் தாங்கோ. அவ்வளவுதான்."

குடிதண்ணீர் இயந்திரத்தின் மூடி தெறித்தது. வெடிப்பு இதற்குள் சடகோபனின் அறை வாசலைத் தாண்டி, திரும்பி, தாரிணியின் மேசைக்கு அடியில் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் ஓர் அங்குலம் நகரவில்லை.

கோல்பி முதன்முறையாக நடையைத் துரிதப்படுத்தினார். மேசைக்கு அருகில் வந்து குனிந்தார். அடியில் தாரிணியின் வேலைத்தள பூட்ஸ் கிடந்தது. அதன் அடிப்பக்கத்தில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தேநீர் ருசி பார்க்கிறவர் போல வாயை மெல்ல அசைத்தார்.

"பதினோரு அடி" என்றார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரே தொடங்கியிராத காலத்து ஆங்கிலம். ஆனால் எண் எல்லாருக்கும் புரிந்தது. அறிக்கையில் ஆறு.

"யாருய்யா இவரு, மண்ணைத் தின்னுட்டு ஆழம் சொல்ல!" சடகோபன் கத்தினார். அந்தக் குரலில் ஆத்திரத்தைவிடப் பயம் அதிகம். "தாரிணி, மணி பத்தே கால். போடு கையெழுத்தை. லெட்டர் ஞாபகம் இருக்கில்ல?"

தாரிணிக்குள் பன்னிரண்டு நாளாகக் கிடந்த கோபம் அப்போது மேலே வந்தது. அது முதலில் இவர் மேல் என்று நினைத்தாள். பிறகு லெட்டர் மேல், நூற்றியெண்பது நாள் மேல், படகில் வந்தவனைக் குழியிலும் விமானத்தில் வந்தவளை மேசையிலும் உட்காரவைத்து இரண்டு பேர் கழுத்திலும் ஒரே கயிற்றைப் போட்டிருக்கும் இந்த ஊர் மேல். கடைசியில் அது எங்கே போய் நின்றது என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது.

"இருக்கு சார். அந்த லெட்டரை நீங்களே வச்சுக்குங்க" என்றாள்.

கம்ப்யூட்டரைத் தரையில் வைத்து, ஒயர்களை மறுபடி சொருகி, வெடிப்பின் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தாள். நாலு பக்க அறிக்கையை அழித்தாள். புதிதாகத் தட்டத் தொடங்கினாள். சடகோபன் ஒயரைப் பிடுங்க வந்தார். கோல்பி நடுவில் நின்றார், அவ்வளவுதான். டைரக்டரின் கழுத்துப்பட்டை நுனி கருகி, அவர் பின்வாங்கினார். நிவேதிகா வேண்டாம் என்ற அதே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திரையையே பார்த்தாள். ஒவ்வொரு வரியாக வாசித்தாள். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் அவள் உதடு அசைவது நின்றது. எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று ஹரிப்பிரியா நினைத்தாள்.

நிவேதிகா அடிக்கவில்லை. "அனுப்புங்கோ" என்றாள். குரல் கல்லாக இருந்தது. "நான் உங்களை மன்னிப்பன் எண்டு நினையாதேங்கோ. ஆனா அனுப்புங்கோ."

பத்து ஐம்பத்தாறுக்கு அறிக்கை போயிற்று. கோல்பி வரவேற்பில் டாப்லெட்டைத் தட்டி, வெளியேறும் நேரத்தைப் பதிந்துவிட்டு, நெடுஞ்சாலைப் பக்கம் நடந்து போனார். குடிதண்ணீர் ஆறியது. ஐந்தாம் நாள் தாரிணியின் வேலை போயிற்று. நூற்றியெண்பது நாள் கணக்கு தொடங்கியது. ஏழாம் மாதம் விசாரணை முடிவு வந்தது. கோல்பியின் அஸ்திவாரத்தில் குறையில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. வெடிப்பு இன்றும் வெஸ்ட் மெல்பர்னிலிருந்து மல்கிரேவ் வரை அப்படியே இருக்கிறது. நெடுஞ்சாலையில் அதற்கு வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் அதன்மேல் அலுமினியப் பட்டை அடித்திருக்கிறார்கள்; புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தீயணைப்பு வழியைக் காட்டும்போது, இங்கே கால் தடுக்கும், பார்த்து என்று சொல்கிறார்கள்.

அந்த அறிக்கையின் மூன்றாம் பக்கம் இது: 'சுவர் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை நான் வேலைத்தளத்துக்குப் போனேன். குழி ஆறடி அல்ல, பதினோரு அடி என்பதைக் கண்ணால் பார்த்தேன். கான்கிரீட் லாரி காத்திருக்கிறது, முட்டுகளைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று டைரக்டர் போனில் சொன்னார். முட்டு இல்லாமலே வேலையைத் தொடரலாம், ஆபத்தில்லை என்று சான்று கொடுத்துக் கையெழுத்திட்ட பொறியாளர் நான்தான்.'