பெட்டியில் எழுதிய கடவுச்சொல்

பரிசோதனைக் கூடத்து மேலாளருக்குக் காலையிலேயே மூக்குக்கு மேல் கோபம். நோயாளிகளின் அறிக்கைகள் எல்லாம் இணையத்தில் ஒரு பக்கத்தில் கிடந்தன. முகவரி தெரிந்த யாரும் திறந்து பார்க்கலாம் என்றிருந்தது. நேற்றுதான் கணினிக்காரப் பெண் அதற்குக் கடவுச்சொல் போட்டிருந்தாள். அரை மணி நேர வேலை. அதை மூன்று மாதம் தள்ளிப்போட்ட மகானுபாவர் இவர்தான். இன்று இரண்டு மருத்துவர்கள் கடவுச்சொல் மறந்துபோய் போன் செய்துவிட்டார்களாம். வானமே இடிந்து விழுந்ததுபோலக் குதித்தார்.

“பக்கத்தைத் திறந்தா பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வருதில்ல, அதுல ஏதாவது எழுதலாமா?”

“ஒரு வரி எழுதலாம் சார்.”

“பாஸ்வேர்டை அதுலயே எழுதிடு. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளல.”

“சார், அப்புறம் பூட்டு எதுக்கு?”

“எல்லாம் எனக்குத் தெரியும். ரத்த ரிப்போர்ட்டை எவன் வந்து பாக்கப்போறான்?”

எழுதினாள். போன்கள் நின்றன. தன் நிர்வாகத் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு மேலாளர் பதினைந்து நாள் நிம்மதியாக நாற்காலியைத் தேய்த்தார்.

பதினாறாம் நாள் அவருடைய தங்கை அழுத கண்களோடு வந்து நின்றாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். புதிய வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் தாண்டட்டும் என்று மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

“எங்க ஆபீஸ் ஆளுங்களுக்கெல்லாம் இங்கதானே டெஸ்ட்? முகவரி தெரிஞ்ச எங்க கிளார்க் உங்க பக்கத்தைத் திறந்திருக்கான். பெட்டியிலயே பாஸ்வேர்டு இருந்துச்சாம். என் ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு முதலாளிகிட்ட சொல்லிட்டான். நாளையிலேருந்து வரவேண்டாமாம் அண்ணா.”

மேலாளர் சட்டென்று கணினிக்காரியின் பக்கம் திரும்பினார். பழி போட ஆள் தேடுவதில் மட்டும் மனிதர் படுசுறுசுறுப்பு.

“ஏம்மா, உனக்கு அறிவிருக்கா?”

“நீங்க சொல்லித்தான் எழுதினேன் சார்.”

அவர் முகம் தொங்கிப்போயிற்று. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அந்த வரியை எடுத்துடும்மா. பாஸ்வேர்டையும் மாத்திடு. மறந்தவங்களுக்கு நானே சொல்லிக்கறேன்.”

“இப்பவா தோணுது?” என்றாள் தங்கை. “ரெண்டு போனுக்குப் பதில் சொல்லச் சோம்பப்பட்டு, நம்பி வந்தவங்க ரகசியத்தையெல்லாம் தெருவுல போட்டீங்க. ரத்தம் எடுக்கறது மட்டும் உங்க வேலை இல்லண்ணா, அதுல தெரிஞ்சதைக் காப்பாத்தறதும் உங்க வேலைதான். அது பாரமா இருந்தா, இனிமே யார் கையிலயும் ஊசி குத்தாதீங்க.”