ஏறும்போது மட்டும் திணறும் வண்டி

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில், நட்ட நடு ரோட்டில், ஒரு மெத்தை விரிந்து கிடந்தது. அதை விரித்த பெருமை முழுக்கப் பல்லுக்காரரையே சேரும்.

வளைவில் வண்டி திணறியபோது கியரைக் குறைத்திருக்க வேண்டும். அவர் குறைக்கவில்லை. வண்டியைத் தட்டிக்கொடுத்து, "வா ராசா, வா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ராசா ஒரு விக்கல் விக்கி அணைந்துபோனான். பிரேக் எந்தக் காலுக்குக் கீழே இருக்கிறது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் வண்டி பின்னால் உருண்டு, அதன் பின்மூலை ஓரத்துக் கல்சுவரில் முட்டியது; அவர் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. பின்கதவு படாரென்று திறந்தது. சுருட்டிக் கட்டியிருந்த மெத்தை கீழே குதித்து, கட்டு அவிழ்ந்து, சரிவில் உருண்டு நடு ரோட்டில் சொகுசாகப் படுத்துக்கொண்டது. கட்டியவரும் அவரேதான்.

பின்னால் ஏறி வந்த பேருந்து மெத்தையின் விளிம்பில் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏன் சார், தூக்கம் வந்தா ஓரமாப் போட்டுப் படுக்கக் கூடாதா?"

கண்டக்டர் இறங்கி வந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். "மெத்தை இருக்கு. தலகாணி எங்க சார்?"

"தலகாணி போன தடவையே மேல போயிடுச்சுப்பா. நாங்க கொஞ்சம் கொஞ்சமாத் தூங்குற குடும்பம்."

பேருந்தே சிரித்தது. பல்லுக்காரருக்கு வலித்த முழங்கால் மறந்துவிட்டது. பத்துப் பேர் சிரித்தால் போதும், அவருக்கு எந்த அடியும் ஆறிவிடும். ஆனால் மெத்தையை உள்ளே திணித்துவிட்டுப் பேருந்து போன பிறகு, ரோட்டில் அவரும் வண்டியும் மட்டும் மிஞ்சினார்கள். அங்கே சொல்வதற்கு வேடிக்கை எதுவும் இல்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை.

பல்லுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். ஒரு மாடி அறை, சுவர் முழுக்கப் பலகைகள், பலகைகளில் யார் யாருடைய தாடைகளோ மாவு அச்சுகளாக. வேலையின் நடுவே அந்த அச்சுகளிடம் அவர் துணுக்குகள் சொல்வதுண்டு. எல்லாம் வாயைத் திறந்தபடிதான் இருக்கும். ஒன்றுகூடச் சிரித்ததில்லை.

வீட்டில் அதுவும் கிடையாது. மனைவியின் அக்கா மலை மேல் இருக்கிறார். அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது பார்த்துக்கொள்ளப் போனாள் மனைவி. எலும்பு கூடிவிட்டது, அக்கா கைத்தடியையும் தூக்கிப் போட்டுவிட்டார். மனைவி மட்டும் இறங்கவில்லை. "எப்ப வரே?" என்று போனில் கேட்டால், "பார்க்கலாம்ங்க" என்பாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்யலாம். அவள் அன்பாகவே சொன்னாள். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை காரணம் மாதிரி ஒன்று சொன்னாள். "உங்க சின்ன கார் இந்த மேட்டுல ஏறவே ஏறாது. என் சாமானை எல்லாம் அதுல எப்படிங்க கொண்டு வர்றது?"

பல்லுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். பெரிய வண்டி வந்தால் அவள் சாமானோடு இறங்கி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டு, சின்ன காரைத் தள்ளிவிட்டு, வயதான எஸ்யூவி ஒன்றை வாங்கினார். விற்றவன் வாயில் சர்க்கரை வைத்திருந்தான். "நாலு சக்கரமும் இழுக்கும் சார். நீங்க மலை ஏற வேண்டாம், மலையே குனிஞ்சு ஏத்திக்கும்."

மலை குனியவில்லை. சமதளத்தில் குதிரையாக ஓடிய வண்டி, மேட்டைக் கண்டதும் மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி காலைத் தேய்த்தது.

இப்போது வண்டியை அப்படியே திருப்பி இறக்கி, அடிவாரத்து வொர்க்ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். மெக்கானிக் நசுங்கிய பம்பரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"வாங்க சார். இந்தத் தடவை பின்னாடி டிசைன் மாத்தியிருக்கீங்க போல."

"நீங்க ஏர் ஃபில்டரை மாத்துனீங்க, டீசல் ஃபில்டரை மாத்துனீங்க. நம்ம பங்குக்கும் ஏதாவது மாத்தலாம்னு பார்த்தேன். நேராச் சொல்லுங்க, இது ஏன் ஏற மாட்டேங்குது?"

மெக்கானிக் உள்ளே ஏறி உட்கார்ந்தார். டேஷ்போர்டில் ஒரு பட்டனில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இந்த நாலு சக்கர லாக்கை எப்பவுமே போட்டுத்தான் ஓட்டுறீங்களா?"

"பின்ன? நாலு சக்கரத்துக்கும் சேர்த்துத்தானே வாங்கினேன். ரெண்டைச் சும்மா உட்கார வைக்கவா?"

"ஐயோ சார், இது சேறு, மணல்ல மாட்டினா போடுறது. காஞ்ச ரோட்டுல இதைப் போட்டு வளைச்சீங்கன்னா முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கும்." பட்டனை அமுக்கினார். விளக்கு அணைந்தது. "ஆனா அது மட்டும் இல்ல. காலியா நான் ஓட்டிப் பார்க்கிறப்ப ஏறுதே. உங்க கையில லோடும் ஜாஸ்தி." பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். "போன தடவை தையல் மெஷின். அதுக்கு முன்னாடி கண்ணாடி வெச்ச அலமாரி. இப்ப மெத்தை. வீடு மாத்துறீங்களா சார்?"

"சேச்சே. வீட்டுக்காரம்மா மேல இருக்காங்க. கேட்கிறதைக் கொண்டு போய்க் கொடுக்கிறேன்."

"கீழ வர்றப்ப என்ன லோடு?"

"கீழ வர்றப்பவா? நான் மட்டும்தான். வண்டி அப்பப் பறக்கும் பாருங்க!"

அவரே சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. "ஓ" என்றார். பிறகு கையில் இல்லாத எண்ணெயைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார்.

"என்ன ஓ?"

"ஒன்னுமில்ல சார். வண்டியில கோளாறு எதுவும் இல்ல. வயசான வண்டி, மெதுவாத்தான் ஏறும். செகண்ட்லயே போங்க."

இந்த மனுஷர் என்ன நினைத்தார் என்று பல்லுக்காரருக்குப் புரிந்தது. புரியாதது போல ஹார்ன் அடித்துவிட்டுக் கிளம்பினார்.

செகண்ட் கியரில் வண்டி ஏறியது. ஏறியது என்று சொல்வது வண்டிக்குச் செய்யும் மரியாதை. ஓரத்தில் கூடையோடு நடந்துபோன அம்மா ஒருவரிடம், "ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்லப்பா, கொஞ்சம் அவசரமாப் போகணும்" என்று சொல்லிவிட்டு அவர் முன்னே போய்விட்டார். வேறு நாளாக இருந்தால் பல்லுக்காரர் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பார். இன்று அந்த "ஓ" காதில் உட்கார்ந்திருந்தது.

அவர்கள் வீட்டுக் கட்டில் பெரியது. அதில் இரண்டு ஒற்றை மெத்தைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மனைவி தன்னுடைய மெத்தையைத்தான் கேட்டாள். "இங்க பாயில படுத்து முதுகு போகுதுங்க." இனி அவர் புரண்டு படுத்தால் பலகையில் விழுவார். காலையில் மெத்தையைச் சுருட்டும்போது அதைக்கூட வேடிக்கையாகத்தான் நினைத்துக்கொண்டார்: இத்தனை வயதுக்கு மேல் கட்டிலில் ஒரு பள்ளத்தாக்கு.

கதவைத் திறந்தது மனைவியின் அக்கா.

"வாங்க மாப்பிள்ளை. வண்டி சத்தம் அப்பவே கேட்டுச்சு. டீ போட்டு, வடிகட்டி, தம்ளர்ல ஊத்தியும் ஆச்சு, நீங்க இன்னும் வரல."

"இன்னொரு தடவை சூடு பண்ணுங்கக்கா. வண்டி அதுக்குத்தான் டைம் கொடுக்குது."

அக்கா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றுகொண்டார்.

மெத்தையை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் மனைவியும் பிடித்து உள்ளறைக்குத் தூக்கிப் போனார்கள். ஜன்னலோரம் தையல் மெஷின், அதில் பாதி தைத்த திரைச்சீலை. பக்கத்தில் அலமாரி, கண்ணாடி வெளிச்சம் விழும் பக்கம் பார்த்தபடி. அவர் கொண்டுவந்த விளக்கு, அவர் கொண்டுவந்த முக்காலி, அவர் கொண்டுவந்த தலையணை. எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு இடம் இருந்தது. ஒரு ஒற்றைக் கட்டில் மட்டும் பாயோடு காத்திருந்தது.

மெத்தையை அதில் போட்டார்கள். இம்மியும் கூடாமல் குறையாமல் பொருந்தியது. பல் செட் வாயில் சரியாக உட்காரும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் வேலை முடிந்தது என்று பல்லுக்காரர் எழுந்துவிடுவார். அந்தச் சத்தம் இப்போது கேட்டது போலிருந்தது. இந்த அறையை முழுக்கச் சுமந்து வந்து சேர்த்தது அவர்தான். திணறித் திணறி.

"அடி ஏதும் படலையே?" என்றாள் மனைவி. பம்பரைப் பார்த்திருக்கிறாள்.

"சுவருக்குத்தான் அடி. நான் போய் ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்."

அவள் லேசாகச் சிரித்தாள். மெத்தையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"வண்டி இப்ப எப்படிங்க?"

"ஏறும்போது திணறுது. இறங்கும்போது பறக்குது." நிறுத்தினார். "காலியா இறங்குதுல்ல."

அவள் கை நின்றது. பிறகு மறுபடி தட்டியது.

"நீ எப்ப வரே?"

"முதல்ல டீயைக் குடிங்க. அக்கா ரெண்டாவது தடவை சூடு பண்ணியாச்சு."

டீயைப் பற்றி ஒரு துணுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல துணுக்கு, அவள் சிரித்திருப்பாள். அவள் சிரித்ததும் அவர் டீ குடித்திருப்பார். டீ குடித்ததும் இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று கிளம்பியிருப்பார். அடுத்த தடவைக்கு அவள் வேறு ஏதாவது கேட்டிருப்பாள். யோசித்துப் பார்த்தால், கேட்க இனி வீட்டில் எதுவும் மிச்சமில்லை.

துணுக்கை விழுங்கினார். 

"டீ ஆறட்டும். நீ திரும்பி வருவியா, வரமாட்டியா?"

அவள் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் சிரிக்கப் போகிறாரோ என்று பார்ப்பது போல அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"இப்பத்தாங்க நீங்க என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க" என்றாள். "இதுவரைக்கும் கேட்டதெல்லாம் பாதி கேள்வி, பாதி வேடிக்கை. எந்தப் பாதிக்குப் பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அதான் பார்க்கலாம், பார்க்கலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

பக்கத்தில் உட்காரச் சொல்லி மெத்தையைத் தட்டினாள். அவர் உட்கார்ந்தார்.

"வரமாட்டேங்க. உங்க மேல கோபம் இல்ல. ஆனா வரமாட்டேன்."