சீசர் சாய்ந்து நிற்கும் இடம்

இப்பல்லாம் நாயை நாயின்னு சொன்னா ஜனங்களுக்குக் கோவம் வருது. பேரைச் சொல்லிக் கேக்கணுமாம். குத்தாலத்துல சீசன் நேரத்துல ஐந்தருவி ரோட்டுல போய் நின்னு பாருங்க. முன் சீட்டுல நாய் கண்ணாடி வழியா தலையை நீட்டிக்கிட்டு வரும். பெத்த தகப்பன் பின்னால மூட்டை முடிச்சுக்கு நடுவுல ஒடுங்கி உக்காந்திருப்பான். நாய்க்குக் கேக்கு வெட்டுதான் ஒருத்தன், அதை போன்ல பிடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புதான்.

என் மகன் பென்னியும் அந்தக் கூட்டத்தைச் சேந்தவன்தான். துபாய்ல இருக்கான். மேலகரத்துல எங்க வீட்டுக்குக் காவல் வேணும்னு கிரேட் டேன்னு ஒரு ஜாதி நாய்க்குட்டியை வாங்கி அனுப்பினான். வந்தப்ப ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது, மறு சீசனுக்குள்ள கன்னுக்குட்டி உசரம் ஆயிட்டு. பேரு சீசர். தபால்காரர் வந்தா சோபாவுக்குப் பின்னால போய் ஒளியும், முக்கால்வாசி உடம்பு வெளிய தெரியும். உக்காரணும்னா பின்பக்கத்தை சோபாவுல வச்சுட்டு முன்னங்கால் ரெண்டையும் தரையில ஊனிக்கிடும், பஸ்ஸுக்குக் காத்திருக்க ஆள் மாதிரி.

எல்லாத்தையும் விட மோசமான பழக்கம், சாயுதது. பக்கத்துல வந்து நிக்கும். விலாவை உங்க தொடையில ஒட்டும். பிறகு மொத்த பாரத்தையும் உங்க மேல விட்டுடும். ஒரு தடவை நான் சட்டுனு நகந்துட்டேன். அரிசி மூட்டை சரிஞ்ச மாதிரி தொப்புனு விழுந்தது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க. சாஞ்சு நிக்கும்போது ஆள் நகந்தா அது விழும்.

என் வீட்டுக்காரி ரெபேக்காளுக்கு மட்டும் அந்தப் பழக்கம் பிடிக்கும். அவளுக்கு முழங்கால் வலி. சாயங்கால ஜெபத்துக்கு நாங்க எல்லாரும் பாயில உக்காருவோம், அவ பீரோவுக்குப் பக்கத்துல நின்னுக்கிடுவா. சீசர் நேரா அவகிட்ட போயிரும். "கர்த்தாவே ஸ்தோத்திரம், ஏலே தள்ளாதலே, கிழவி விழுந்துருவேன், கர்த்தாவே ஸ்தோத்திரம்." இப்படித்தான் எங்க வீட்டு ஜெபம் நடக்கும்.

போன வருசம் கிறிஸ்துமஸுக்கு முந்தி அவ போயிட்டா. நெஞ்சுவலி. பெட்டியைத் தூக்கும்போது நான் "போயிட்டு வா"ன்னு சொன்னேனாம். மருமக கிருபா சொல்லுதா. சாவு வீட்டுல யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாங்க, துக்கத்துக்கு வந்தவங்ககூட சொல்லிக்காமத்தான் எந்திரிச்சுப் போவாங்க. அவ கோயிலுக்கும் ஜெபக் கூட்டத்துக்கும் கிளம்பும்போதெல்லாம் வாசல்ல நின்னு நான் சொன்ன வார்த்தைதான். வாய்ல வந்திருக்கும். அதுக்கு என்ன இப்ப?

அடக்கம் முடிஞ்ச மறுநாள் ஜெபத்துக்கு உக்காந்தோம். சீசர் எந்திரிச்சு பீரோ பக்கத்துல போய் நின்னது. பீரோவுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்க இடம் இருந்தது. அந்த வெறும் இடத்துப் பக்கமா உடம்பை விட்டுது. விழும்னு நெனச்சேன். விழல. அந்தப் பக்கத்துக் கால் ரெண்டும் தரையில பட்டும் படாம இருந்தது. ஆமென் சொல்லுத வரைக்கும் அப்படியே நின்னது.

கிருபா என்னைப் பாத்தா. நான் எந்திரிச்சுப் போய் நடுவுல கையை விட்டுத் துழாவினேன். ஒண்ணும் இல்லை. காத்துதான்.

தென்காசி மாட்டு டாக்டர்கிட்ட கொண்டு போனேன். கூலிங்கிளாஸ் போட்ட பையன். இடுப்பு எலும்பு தேய்மானம், அதான் கோணி நிக்குதுன்னான். நடந்து காட்டச் சொன்னான், குதிரை மாதிரி நடந்தது. மாத்திரை எழுதிக் குடுத்தான். எனக்கு அவன் மேலயும் நம்பிக்கை இல்லை.

பிறகு அது இடம் மாற ஆரம்பிச்சது. காலையில மோட்டர் சுவிட்ச் பக்கத்துல சாஞ்சு நிக்கும். கொஞ்சம் கழிச்சு அடுப்படியில. துணி காயப்போடும் கயித்துக்குக் கீழ. எல்லாம் ரெபேக்காள் நின்ன இடம், அவ நின்ன வரிசை. நாய்க்குப் பழகின தடம்னு நான் சொன்னேன். கிருபா துணியை மாடியில காயப்போட ஆரம்பிச்சுட்டா.

சீசன் தொடங்கி சாரல் அடிச்ச ஒரு காலையில பேத்தி ஜெனி நாற்காலியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா. பள்ளிக்கூடம் போகுமுன்னே அங்கதான் ரெபேக்காள் அவளுக்குத் தலை பின்னி விடுவா. சீசர் நாற்காலிக்குப் பின்னால வந்தது. ஒரு ஆள் நிக்க இடம் விட்டுது. சாஞ்சது.

ஜெனி தலை லேசா பின்னால இழுபட்டுது. சீப்புல சிக்கு எடுக்கும்போது இழுபடுமே, அப்படி. பிள்ளை "ஸ்ஸ்"னு முகத்தைச் சுளிச்சா, எழுதுததை நிறுத்தல. மறுபடியும் இழுபட்டுது.

தூக்கக் கலக்கம். பிள்ளைங்க தலை ஆடத்தான் செய்யும்.

கிருபா கையில இருந்த தோசைக் கரண்டி கீழ விழுந்தது. பிள்ளையை நாற்காலியோட சேத்து இழுத்தா. சீசர் அசையல, சாஞ்ச இடத்துலயே நின்னது.

மத்தியானம் பாத்தா கட்டில் மேல துணிப்பெட்டி திறந்து கிடக்கு.

"மாமா, நான் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நாசரேத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

"ஏன், என்ன நடந்துட்டு இப்ப?"

"அத்தையை எனக்கும் பிடிக்கும் மாமா. ஆனா பிள்ளை மேல கை வைக்கக் கூடாது."

"நாய் கோணி நிக்குததுக்கு நீ வீட்டை விட்டுப் போவியா?"

"ஒண்ணு நாய் போகணும், இல்ல நாங்க போகணும். 'போயிட்டு வா'ன்னு கூப்பிட்டது நீங்கதான, நீங்களே கொண்டு விட்டுட்டு வாங்க."

அவங்க போயிட்டா அந்த வீட்டுல நான் ஒத்தைக் கட்டை. அடுப்பு பத்தவைக்கக்கூட தெரியாது எனக்கு. புளியறை செல்லப்பாவுக்கு போன் போட்டேன். தென்னந்தோப்பு வச்சிருக்கான், காவலுக்கு நாய் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தான்.

மறுநாள் காலையில எங்க தெரு அருண்பாண்டி அவன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்தான். சீசர் ஏற மாட்டேங்குது. வாசக்கேட்டுப் பக்கத்துல, தூணுமில்லாத செவருமில்லாத இடத்துல, சாஞ்சுக்கிட்டு நிக்குது. சங்கிலியைப் பிடிச்சு இழுத்தோம், மலை மாதிரி நின்னது.

"அண்ணாச்சி, யாருக்கோ காத்திருக்க மாதிரில்லா நிக்குது" அப்படின்னான் அருண்பாண்டி.

எனக்குக் கோவம் வந்துட்டு. "ஏட்டி, வாரதுன்னா நீயும் ஏறித் தொலை. சாரல்ல நனையாத"ன்னு கத்தினேன். கோவத்துலதான். வேற ஒண்ணும் இல்லை.

சீசர் ஒரு எட்டு தடுமாறிச்சு. சாஞ்சிருந்த ஆள் நகந்துட்டா தடுமாறுமே, அப்படி. நிமிந்து, ஆட்டோவுல தானா ஏறிச்சு. கிருபா ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. வாயில சேலை முந்தானை.

செங்கோட்டை தாண்டினதும் அருண்பாண்டி சொன்னான், "வண்டி ஒரு பக்கமா இழுக்குதே அண்ணாச்சி."

"நாய் கனம்லே. ரோட்டைப் பாத்து ஓட்டு."

செல்லப்பா தோப்புல சங்கிலியைக் கழட்டி விட்டோம். செக்போஸ்ட் பக்கம் லாரி ஆரன் கேட்டுக்கிட்டே இருந்தது. சீசர் தோப்பைச் சுத்திப் பாக்கல. முள்வேலிக் கேட்டுக்கு உள்பக்கமா, மரம் ஒண்ணும் இல்லாத மண்ணுல போய் நின்னது. பக்கத்துல ஒரு ஆள் நிக்க இடம் விட்டுது. சாஞ்சது. கண்ணை மூடிக்கிட்டுது.

"என்னவே, உம்ம நாய் இப்படிக் கோணி நிக்கி? கால் ஊனமா?" செல்லப்பா கேட்டான்.

"இடுப்பு எலும்பு தேய்மானம்வே. தென்காசி டாக்டர் சொன்னாரு. கெட்டிக்கார டாக்டர்."

"இப்படிச் சாஞ்சா விழாதா?"

"செங்கோட்டைக் கணவாய்க் காத்து. அது தாங்கிக்கிடும்."

கேட்டைத் தாண்டினேன். ஒரு நிமிசம் திரும்பி நின்னேன். சீசர் தலையைத் தூக்கி வச்சிருந்தது. அவ தடவும்போது தூக்கி வைக்குமே, அந்தத் தினுசுல. ரெண்டு காதும் பின்னால போய்ப் படிஞ்சது. வாசல்ல நின்னு சொல்லுத அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

"ஒரு டீ குடிச்சுட்டுப் போமேன். சொல்லாமக் கொள்ளாமப் போறீரே, சாவு வீடா இது?" செல்லப்பா பின்னாலேருந்து சத்தம் போட்டான்.

நான் பதில் சொல்லல. பயந்துக்கிட்டு இல்லை. எனக்கு டீ வேண்டாம், அவ்வளவுதான். கணவாய்க் காத்துக்கு முன்னால எந்த நாயும் அப்படித்தான் நிக்கும். சாரல் அன்னைக்குக் கொஞ்சமும் சாயாம நேரா விழுந்துக்கிட்டு இருந்தது உண்மைதான். அதைப் பாத்தா ஆச்சா? மேல காத்து இல்லைன்னா கீழ இருக்கும். துண்டைத் தலையில போட்டுக்கிட்டு, அருண்பாண்டி நிப்பாட்டியிருந்த ஆட்டோவைப் பாத்து நடந்தேன்.